டாம் வில்ஸ் ஆடியது எந்தக் கணக்கில்? ஏ.எஃப்.எல். ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கார்ல்டன் அணிக்கு 16 பட்டம், காலிங்வுட்டுக்கு 16, எசண்டனுக்கு 16. செப்டம்பர் பிறந்தாலே இந்தப் பட்டக் கணக்கு தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் வலம்வரத் தொடங்கிவிடும். நீங்கள் காக்கும் அதிகாரபூர்வக் கணக்கு அது. அதன் முதல் வரி 1897. அதே நீங்கள் 2008-ல் இந்த ஆட்டத்துக்கு 150 வயது என்று ஊரறியக் கொண்டாடினீர்கள், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் சிறப்பு ஆட்டமும் நடத்தினீர்கள். விழாவுக்கு 1858, கணக்குக்கு 1897. நடுவில் கிடக்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஆடியவர்கள் யார், எந்த அணிக்கு, எத்தனை கோல் என்று கேட்டால் உங்கள் ஏட்டில் பதில் கிடையாது. இதை இனியும் பேசாமல் விட்டுவிட எங்களால் முடியாது. இந்த ஆட்டத்தின் பழைய செய்தித்தாள்களைப் படித்துத் தொகுத்துவருகிறவர்கள் நாங்கள். குறையையும் சொல்கிறோம், அதைச் சரிசெய்யும் வழியையும் சொல்கிறோம்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் (டாம்) வென்ட்வொர்த் வில்ஸ் என்ற ஒரே மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1835 ஆகஸ்ட் 19 அன்று நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் மேற்கு விக்டோரியாவுக்குப் பெயர்ந்து, கிராம்பியன்ஸ் மலையடியில், இன்றைய மாய்ஸ்டனுக்கு அருகே லெக்ஸிங்டன் என்ற ஆட்டுப்பண்ணையை அமைத்தது. அது ஜப் வுர்ரங் என்ற தொல்குடி மக்களின் நிலம். அந்த மக்களின் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் மொழியைப் பேசி வளர்ந்தவர் டாம். 14 வயதில் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே கிரிக்கெட் அணித் தலைவரானார், பள்ளியின் முரட்டுக் கால்பந்தையும் கற்றார். 1856 டிசம்பரில் மெல்பர்ன் திரும்பினார்.

1858 ஜூலை 10 அன்று ‘பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா’ இதழில் அவர் எழுதிய கடிதம் வந்தது. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சோம்பிக் கிடக்கலாகாது, கால்பந்துக் குழு ஒன்று வேண்டும், மூன்று பேரோ அதற்கு மேலோ கொண்ட குழு விதிகளை வகுக்க வேண்டும் என்று கேட்டார். அது முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் குழுவாவது அமையட்டும் என்றார். ஆடுகளத்தை மிதித்தால் புல்தரை இறுகி உறுதிப்படும் என்பது கிரிக்கெட்காரர்களை இணங்கவைக்க அவர் சேர்த்த வாதம். ஆகஸ்ட் 7 அன்று ரிச்மண்ட் பேடக்கில் மெல்பர்ன் கிராமர், ஸ்காட்ச் காலேஜ் என்ற இரு பள்ளிகள் பக்கத்துக்கு 40 பேராக மோதின. வில்ஸும் ஜான் மக்காடமும் நடுவர்கள். மூன்று சனிக்கிழமைகள் நீண்ட அந்த ஆட்டம் ஆளுக்கொரு கோலோடு சமனில் முடிந்தது. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நிற்கும் வெண்கலச் சிலை அந்த ஆட்டத்தின் நடுவராகத்தான் வில்ஸைக் காட்டுகிறது.

சிலை நல்லதுதான். ஆனால் அவர் நடுவராக மட்டும் இருந்தவரல்லர். 1859 மே 17 அன்று கிழக்கு மெல்பர்னில் பரேட் ஹோட்டலில் கூடிப் பத்து விதிகளை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஹேமர்ஸ்லி, தாம்ப்சன், தாமஸ் ஸ்மித் ஆகியோர் உடனிருந்தனர். காலால் உதைக்கப்பட்ட பந்தை நேராகக் கையில் பிடித்து ‘மார்க்’ என்று சொல்பவருக்குத் தடையற்ற உதை உண்டு என்ற விதி அன்றே இருக்கிறது. தரையிலிருந்து பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, எறியவே கூடாது. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதற்குத் தடை. பந்தைத் தாண்டி முன்னே நிற்பவர் ஆட்டத்தில் சேரக் கூடாது என்ற ஆஃப்சைடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த இல்லாமையை ஆட்டமுறையாக மாற்றியவர் வில்ஸ். 1860-ல் ரிச்மண்ட் அணியின் தலைவராக, பந்தைச் சுற்றி மந்தையாய் மொய்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களைக் களமெங்கும் பிரித்து நிறுத்தினார். பின்களத்திலிருந்து நடுக்களத்துக்கும் அங்கிருந்து கோல் முகத்துக்கும் பந்தை உதைத்து நகர்த்த வைத்தார். (அந்த ரிச்மண்டுக்கும் இன்றைய ரிச்மண்டுக்கும் தொடர்பில்லை.) ரக்பியின் நீள்வட்டப் பந்தை இங்கே பரப்பியதிலும் அவருக்குப் பங்குண்டு. பிறகு ஜீலாங் அணிக்கு ஆடியபோது, காற்று எதிராக வீசுகையில் ஆட்களைத் தற்காப்பில் குவித்து எதிரணியின் கோலை அடைத்தார், அதற்காகத் திட்டும் வாங்கினார். இன்றைய பயிற்சியாளர்கள் செய்யும் அதே வேலை அது.

இத்தனைக்கும் அவருடைய கால்பந்து எண்ணிக்கை உங்கள் கணக்கில் ஒன்றுகூட இல்லை. எத்தனை ஆட்டம், எத்தனை கோல், யாருக்கு எதிராக, எத்தனை முறை தலைவர் என்பதற்கெல்லாம் இடமே இல்லை. 1996-ல் புகழ்மண்டபத்தைத் திறந்தபோது முதல் தொகுதியிலேயே அவரைச் சேர்த்தீர்கள். எந்த ஆட்டங்களுக்காகச் சேர்த்தீர்கள் என்று உங்கள் ஏட்டைக் கேட்டால் அது மௌனம் காக்கும்.

கிரிக்கெட் அப்படி விடவில்லை. அதே வில்ஸ் 32 முதல்தர ஆட்டங்கள் ஆடினார், எத்தனை விக்கெட் எடுத்தார் என்றெல்லாம் அதன் பதிவேடு சொல்கிறது. ஒரே நகரம், ஒரே மனிதர், அவரைப் பற்றி எழுதியவை ஒரே செய்தித்தாள்கள். கார்ல்டனின் ஜார்ஜ் கூல்ட்ஹார்ட்டையும் பாருங்கள். 1876-லிருந்து ஆடி, 1878 முதல் 1880 வரை மூன்று பருவமும் தன் அணியில் அதிக கோல் அடித்தவர், 27 வயதில் காசநோய்க்குப் பலியானவர். கால்பந்தால் புகழ்பெற்ற அவர் 1882-ல் ஒரே ஒரு டெஸ்டில் பதினொன்றாம் ஆளாக இறங்கி ஆட்டமிழக்காமல் 6 ரன் எடுத்தார். உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்த 6 ரன்னைத் தேடி எடுத்துவிடலாம். அவர் அடித்த கோல்களை உங்கள் கணக்கில் தேட முடியாது.

கிரிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு தானாக வந்து சேரவில்லை. 1877-ல் மெல்பர்னில் நடந்த ஆட்டத்தை அன்று யாரும் முதல் டெஸ்ட் என்று அறிவித்துவிட்டு ஆடவில்லை. கிளாரன்ஸ் மூடி என்ற பத்திரிகையாளர் 1894-ல் ஒரு பட்டியல் போட்டார், அதை உலகம் ஏற்றது. பின்னோக்கிப் பார்த்துப் பட்டியலிட ஒருவர் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். முதலாவது, அமைப்பு வேறு என்பது. 1877 முதல் 1896 வரை பட்டம் கொடுத்தது விக்டோரியக் கால்பந்துச் சங்கம், 1897-ல் பிறந்தது விக்டோரியக் கால்பந்து லீக். உண்மைதான். ஆனால் 1896 அக்டோபரில் பிரிந்துபோன எட்டு அணிகளான கார்ல்டன், காலிங்வுட், எசண்டன், ஃபிட்ஸ்ராய், ஜீலாங், மெல்பர்ன், செயின்ட் கில்டா, சவுத் மெல்பர்ன் ஆகியவை தங்கள் பெயர், வீரர்களோடுதான் போயின. 1990-ல் அந்த லீக்கின் பெயரையே ஏ.எஃப்.எல். என்று மாற்றினீர்கள், கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. சவுத் மெல்பர்ன் 1982-ல் சிட்னிக்கே போனது, அதன் பட்டங்களும் கூடவே போயின.

இரண்டாவது மறுப்பு, அன்றைய போட்டி ஒழுங்கற்றது என்பது. எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் ஆடவில்லை, புள்ளிப் பட்டியல் முறையே 1888-ல்தான் வந்தது என்பீர்கள். அப்படியானால் 1916-ஐ என்ன செய்வது? போர்க்காலத்தில் நான்கே அணிகள் ஆடின. அவற்றில் கடைசி இடத்தில் நின்ற ஃபிட்ஸ்ராய் இறுதிச் சுற்றில் வென்று பட்டம் பெற்றது. அது உங்கள் கணக்கில் ஒரு குறையுமில்லாமல் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். 1897-லும் 1924-லும் இறுதிப்போட்டி என்று ஒன்று நடக்கவேயில்லை, இரண்டிலும் எசண்டனின் பட்டம் செல்லும். ஒழுங்கு என்ற அளவுகோலை 1896-க்கு முன்னால் மட்டும் நீட்டுவது நியாயமன்று.

விட்டுப்போனவற்றின் அளவையும் பாருங்கள். 1877 முதல் 1896 வரையிலான இருபது சங்கப் பருவங்களில் ஜீலாங் 7 பட்டம், சவுத் மெல்பர்ன் 5, எசண்டன் 4, கார்ல்டன் 2, ஃபிட்ஸ்ராயும் காலிங்வுட்டும் ஆளுக்கு ஒன்று. சேர்த்துப் பார்த்தால் எசண்டன் 20, கார்ல்டன் 18, ஜீலாங்கும் காலிங்வுட்டும் 17. மூன்று அணிகளும் சமம் என்று நீங்கள் ஒவ்வொரு ஆண்டும் சொல்வது ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு சொல்வது.

இதில் அதிகம் இழந்தவர் ஆல்பர்ட் தர்குட் என்றே நினைக்கிறோம். லீக் கணக்கில் அவருக்கு 46 ஆட்டம், 89 கோல். 1892-ல் 56, 1893-ல் 64, 1894-ல் 63 என்று எசண்டனுக்காக மூன்றே பருவங்களில் அவர் அடித்த 183 கோல் அதில் இல்லை. 1893-ல் எசண்டன் ஒரு தோல்வியும் காணாமல் பட்டம் வென்றதும் இல்லை. பிறகு அவர் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஃப்ரிமாண்டிலுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். உச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, இறக்கத்தை மட்டும் அவருடைய வாழ்வு என்று வைத்திருக்கிறீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். இந்தப் பதிவேட்டை எழுத முடியும். ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய நாளேடுகளை மின்வடிவில் வைத்திருக்கிறது. சனிக்கிழமை ஆட்டத்தின் செய்தியைத் திங்கட்கிழமை ‘ஆர்கஸ்’, ‘ஏஜ்’ இதழ்களில் தேடலாம். வார இதழ்களான ‘ஆஸ்ட்ரலேசியன்’, ‘லீடர்’ இரண்டிலும் அதே ஆட்டம் விரிவாக வரும். ஜீலாங் அணிக்கு ‘ஜீலாங் அட்வர்டைசர்’ இல்லாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது, ஏனென்றால் மெல்பர்ன் ஏடுகள் ஜீலாங்கில் நடந்ததைச் சுருக்கிவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, இடம், பக்கத்துக்கு எத்தனை பேர், அணித் தலைவர்கள், நடுவர், கோல் அடித்தவர், முடிவு, செய்தி வந்த இதழின் தேதியும் பக்கமும் பத்தியும் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும்.

பிழை நுழையும் இடங்கள் தெரிந்தவைதான். ஆட்டத்துக்கு முன்பு வரும் தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பவர் ஆடினார் என்று எழுதிவிடக் கூடாது. சனிக்கிழமை வராமல் போனவர்கள் உண்டு, வேடிக்கை பார்க்க வந்து களத்தில் இறங்கியவர்களும் உண்டு. ஆட்டத்துக்குப் பின் வரும் செய்தியோ சிறப்பாக ஆடியவர்களை மட்டும் சொல்லும். ஆகவே ஆட்ட எண்ணிக்கையைக் ‘குறைந்தபட்சம்’ என்றே குறிக்க வேண்டும். வெறுமனே ‘வில்ஸ்’ என்று அச்சானால் அது டாமா, அவருடைய தம்பிகள் செட்ரிக், ஹொரேஸ், எக்பர்ட் மூவரில் ஒருவரா என்று பார்க்காமல் சேர்க்கக் கூடாது. மின்வடிவில் எழுத்து சிதைந்து வில்ஸ் ‘வில்லிஸ்’ ஆகியிருக்கலாம், பெயரைத் தட்டித் தேடினால் அந்த ஆட்டம் அகப்படாது. தேதிவாரியாகப் பக்கம் பக்கமாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் பல அணிகளுக்கு ஆடுவது வழக்கம். வில்ஸே மெல்பர்ன், ரிச்மண்ட், ஜீலாங் மூன்றுக்கும் ஆடியவர். அதனால் பதிவேட்டை ஆள்வாரியாகக் கட்டிவிட்டு அணிவாரியாகப் பிரிக்க வேண்டும். அணிவாரியாகத் தொடங்கினால் ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுவார்.

புள்ளிகள் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். 1860-களில் முதலில் இரண்டு கோல் அடித்த அணி வென்றது என்பதே வழக்கம், அதனால் ஒரே ஆட்டம் பல சனிக்கிழமைகள் நீளும். அது ஒரு ஆட்டமா மூன்றா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எல்லாருக்கும் ஒன்றுபோல் எழுத வேண்டும். ஒரு ஆட்டம் என்று கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. கோலைத் தவறவிட்டுப் பக்கத்தில் போகும் ‘பிஹைண்டு’ உதைகள் 1897-க்கு முன் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கவில்லை. கிடைத்தால் தனிப் பத்தியில் எழுதலாம், பழைய கோலை ஆறு புள்ளியாக மாற்றி இன்றைய ஆட்டத்தோடு ஒப்பிடும் வேலையைச் செய்யவே கூடாது. 1858-ன் பள்ளி ஆட்டத்தில் வில்ஸ் நடுவர், ஆகவே அவருடைய ஆட்ட எண்ணிக்கையில் அதற்கு இடமில்லை. 1877-க்கு முன் செய்தியாளர்கள் பொதுக் கருத்தாகச் சொன்ன சாம்பியன் பெயர்களையும் பட்டமாக்க வேண்டாம். இரண்டு இதழ்கள் ஒத்துப்போனால் முதல் தரம், ஒரே இதழ் என்றால் இரண்டாம் தரம், தேர்வுப் பட்டியல் மட்டும் என்றால் மூன்றாம் தரம் என்று ஒவ்வொரு பதிவுக்கும் நம்பகத் தரம் குறித்தால், படிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

எண்ணிக்கையோடு வில்ஸ் முடிந்துவிடுவதில்லை. தந்தை ஹொரேஷியோவோடு குயின்ஸ்லாந்துக்குப் போனவர் அவர். 1861 அக்டோபர் 17 அன்று அங்கே கல்லின்-லா-ரிங்கோ பண்ணையில் கயிரித் தொல்குடி மக்கள் தாக்கியதில் தந்தை உட்பட 19 குடியேறிகள் இறந்தனர். பொருள் ஏற்றிவரப் போயிருந்ததால் டாம் உயிர்தப்பினார். பக்கத்துப் பண்ணைக்காரர் முன்பு நடத்திய தாக்குதலுக்கான பழி அது என்றே அவர் பின்னர் கருதினார். அதற்குப் பதிலடியாகக் காவல்படையும் குடியேறிகளும் கொன்ற தொல்குடியினரை நூற்றுக்கணக்கில் மதிப்பிடுவோர் உண்டு. அந்தக் கொலைகளில் தானும் பங்கேற்றதாக வில்ஸ் சொன்னார் என்று 1895-ல் சிகாகோ நாளேடு ஒன்று எழுதியது 2021-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதை எவ்வளவு நம்பலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து ஒன்றாக இல்லை. அதே மனிதர் ஐந்தே ஆண்டில் மேற்கு விக்டோரியாவின் தொல்குடி வீரர்களுக்குக் கிரிக்கெட் பயிற்சி கொடுத்து, 1866 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் மைதானத்தில் சுமார் 10,000 பேர் முன்னிலையில் அவர்களுக்குத் தலைவராக இறங்கினார். அந்த அணியின் ஜானி முல்லா பெயரில் கிரிக்கெட் இன்று பாக்ஸிங் டே டெஸ்டில் பதக்கம் கொடுக்கிறது. குடி முற்றி, கடன் சூழ்ந்து, 1880 மே 2 அன்று ஹைடெல்பர்க் வீட்டில் வில்ஸ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 44. நூறு ஆண்டுகள் அவர் கல்லறைக்குக் கல் இல்லை, 1980-ல்தான் வைத்தார்கள்.

இவற்றில் வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது வேண்டாம். மார்ன்குரூக் விஷயத்தில் நடந்தது போதும். மேற்கு விக்டோரியாவின் தொல்குடியினர் தோல்பந்தை உதைத்து, துள்ளிப் பிடித்து ஆடிய ஆட்டம் அது. 2008-ல் உங்கள் ஆதரவில் வந்த வரலாற்று நூலில் அதற்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு இல்லையென்று எழுதினார்கள், 2019-ல் உங்கள் அறிக்கை அதைப் போற்றிப் பேசியது. நடுவில் என்ன புதிய சான்று கிடைத்தது என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. வில்ஸ் எழுதியவற்றில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் கிடைக்கவில்லை. அவர் அந்தப் பிள்ளைகளோடு, அந்த மொழியில் வளர்ந்தார் என்பதும் உறுதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜப் வுர்ரங் மக்கள் தங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து வெளியிடுவது உங்கள் கடமை.

எனவே இவற்றைக் கேட்கிறோம்.

1859 முதல் 1896 வரையிலான ஆட்டக்காரர் பதிவேட்டை ஆணையத்தின் செலவில் தொடங்குங்கள். மேலே சொன்ன தரக்குறியீட்டோடும் இதழ்ச் சான்றோடும் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிடுங்கள். எல்லாம் முடியும்வரை காத்திருக்காமல், சங்கப் பருவங்களான 1877 முதல் 1896 வரையை முதலில் கொடுங்கள். அவற்றுக்கான செய்திகள் மிகுதி, வேலையும் விரைவாக நடக்கும்.

அந்த இருபது பட்டங்களையும் அதிகாரபூர்வப் பட்டியலில் சேருங்கள். 1897-க்குப் பிந்தியவற்றோடு கலக்கத் தயக்கம் இருந்தால், ‘சங்கம்’ என்ற தலைப்பில் தனிப் பத்தியாக, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அடிக்குறிப்பாக வேண்டாம்.

தர்குட்டின் 183 கோலையும் கூல்ட்ஹார்ட்டின் கார்ல்டன் பருவங்களையும் அவரவர் பக்கத்தில் ஏற்றுங்கள். வில்ஸுக்கு ஆட்டக்காரர் என்ற முறையில் ஒரு பக்கம் திறந்து, உறுதியான ஆட்டங்களை மட்டும் குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் குறியுங்கள்.

வில்ஸைப் பற்றி நீங்கள் எங்கே எழுதினாலும் லெக்ஸிங்டன், கல்லின்-லா-ரிங்கோவின் இரு தரப்புச் சாவுகள், 1895 கட்டுரை பற்றிய சர்ச்சை, 1866 அணி, அவர் இறந்த விதம் ஆகியவற்றை நேராகச் சொல்லுங்கள். அந்தப் பகுதியை எழுதும் குழுவில் ஜப் வுர்ரங், கயிரி மக்களின் பிரதிநிதிகள் ஊதியத்தோடும் வாக்குரிமையோடும் இருக்க வேண்டும்.

இவற்றில் எதையாவது மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்குமுன் உங்கள் முடிவைப் பொதுவில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் தொகுத்த ஆட்டக் குறிப்புகளை எந்த நிபந்தனையும் இன்றி உங்கள் பதிவேட்டுக் குழுவிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அந்த அறிவிப்பிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆட்டக் குறிப்புகளைத் தொகுப்போர்